குச்சி விழுந்தால் பொறுக்கித் தர ஒரு அக்கா

சபையில் பாட்டு ஆரம்பித்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கரையான்சாவடியில் மாடியில் இருக்கிறது எங்கள் சபை. படிக்கட்டு முழுக்கச் செருப்பு கிடக்கும். அதை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருப்பேன். "எஸ்தருக்கு என்ன தாழ்மை!" என்று எல்லோரும் மெச்சினார்கள். தாழ்மையாவது ஒன்றாவது! டிரம்ஸ் பக்கத்திலேயே இருக்க, அடிக்க முடியாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்க என்னால் ஆகவில்லை.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து டிரம்ஸ் அடிக்கிறவள் நான். கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் விடவில்லை. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் குமணன்சாவடி சிக்னல் அருகே வண்டியிலிருந்து விழுந்து, இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, பிடிமானம் வரவில்லை. மறுபடி அடிக்க உட்கார்ந்த முதல் ஞாயிறே குச்சி பறந்துபோய்ப் பிரசங்க மேடையில் விழுந்தது. பாஸ்டர் ஐயா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். எனக்கு மானமே போய்விட்டது. டிரம்ஸ் மேல் பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு இறங்கிவிட்டேன். அப்புறம் கீபோர்டிலேயே தாளம் ஓடியது.

ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம். குக்கர் விசில் அடித்தால்கூடக் கால் தானாகத் தரையைத் தட்டும். சப்பாத்திக் கட்டையைப் பிடித்தபடி அழுதிருக்கிறேன். "ஆண்டவரே, என் கையைத் திருப்பித் தாரும்." மாதக்கணக்கில் இதே ஜெபம். பதிலே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கிளம்பும்போது, "கையைத் தராவிட்டால் இந்த ஆசையையாவது எடுத்துப்போடும்" என்று கோபமாகவே ஜெபித்தேன்.

அன்று பாட்டின் நடுவில் கரண்ட் போனது. கீபோர்டு ஓய்ந்தது. உள்ளே ஆளுக்கொரு வேகத்தில் கைதட்டினார்கள். வழக்கம்போல நான் படிக்கட்டில் இருந்தேன். சபையில் என்னோடு உட்காரும் கீரைக்கடை செல்வி அக்கா வெளியே வந்தார்.

"இன்னா எஸ்தரு, இங்க குந்திகினுகீற? செருப்பு அடுக்க ஆயிரம் பேரு கீறாங்க. வந்து அடி."

"குச்சி நிக்காதுக்கா. உழுந்துடும்."

"உழுந்தா உழட்டும். நான் பொறுக்கித் தரேன், வா."

பெட்ஷீட்டை அவரே இழுத்துப் போட்டார். தன் கொண்டையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, குச்சியை என் விரல்களோடு சேர்த்து மாட்டிவிட்டார். அடித்தேன். மூன்று முறை நழுவியது. மூன்று முறையும் அக்கா குனிந்து எடுத்துத் தந்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கைதட்டலும் மெல்ல என் அடியோடு வந்து சேர்ந்தது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

மறுநாளே பயிற்சியை ஆரம்பித்தேன். தினமும் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போனதும் தலையணை மேல் ஒரு மணி நேரம். விட்ட இடத்திலிருந்து அல்ல, முதல் பாடத்திலிருந்து. வேகமான பாட்டுக்கு இன்னும் கை வரவில்லை. அதற்காக இன்னும் ஏங்குகிறேன். ஆனால் அந்த ஏக்கத்தை எடுத்துப்போடும் என்று இப்போது கேட்பதில்லை. அதை எனக்குள் அணையாமல் வைத்தவரே கர்த்தர்தான்.

கேட்டது வரவில்லை என்று படிக்கட்டில் நிற்கிறவர்களே, உள்ளே வாருங்கள். அவர் யாரையாவது உங்களிடம் அனுப்புவார்.

போன ஞாயிறு ரப்பர் பேண்ட் இல்லாமலே அடித்தேன். குச்சி ஒருமுறைகூட விழவில்லை. ஆராதனை முடிந்து திரும்பினால், செல்வி அக்கா டிரம்ஸ் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் எதுக்குக்கா கீழ?"

"ஒரு தபா உழுந்தா?" என்றார்.