ஏலத்தில் போன புத்தகத்தைத் தேடிக் கணியம்பாடிக்கு

போன புதன்கிழமை நானும் என் பேத்தி அபேனாவும் ஆம்பூரிலிருந்து கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தோம். கல்யாணமோ துக்கமோ இல்லை. ஒரு படப் புத்தகத்தைத் திரும்பக் கேட்கப் போனோம்.

முதலில் பேத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருமைக்குத்தான், வேறு எதற்கு! என் மகள் லண்டனில் நர்ஸ். மருமகன் குவாமே கானா நாட்டுக்காரர், அவரும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகளுக்கு இரண்டாவது பிரசவம், படுத்தே இருக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அபேனா நான்கு மாதம் என்னோடு இருக்கிறாள். இன்னும் ஐந்து வயது முடியவில்லை. தமிழ் எல்லாம் புரியும், வெளியாட்கள் முன்னால் பேசத்தான் கூச்சம்.

அவள் பையில் ஏழு படப் புத்தகங்கள் வந்தன. எதைத் திறந்தாலும் அவளை மாதிரியே கறுத்த, சுருட்டை முடிப் பிள்ளைகள். ஒன்றில் அத்தை முடி பின்னிவிடுகிறாள், ஒன்றில் பழைய காலத்து ராஜா குதிரையில் போகிறார், ஒன்றில் பிள்ளைகள் கடலில் வலை இழுக்கிறார்கள். "அங்க எல்லாரும் இவளையேதான் பாப்பாங்கம்மா. இவ பாக்கறதுக்கும் இவள மாதிரி நாலு முகம் வேணுமில்ல?" என்றாள் மகள்.

இவளுக்கு உயிர் ஒரு வேன் புத்தகம். ஒரு சின்னப் பெண் குடும்பத்தோடு வேனில் கிளம்புவாள். வழியெல்லாம் ஆள் ஏறும், மஞ்சள் தலைத்துணி கட்டிய அத்தைகள், கோழியோடு ஒரு மாமா, மேளத்தோடு ஒரு தாத்தா. அதே புத்தகம் மருமகனிடமும் ஒன்று இருக்கிறது. தினமும் மூன்றரை மணிக்கு, டூட்டிக்குப் போகும் முன் அவர் போனில் வருவார். அங்கே அவர் வாசிக்க இங்கே இவள் பக்கம் திருப்புவாள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், இங்கிலீஷ் வராது. பக்கத்தில் உட்கார்ந்து படம் மட்டும் பார்ப்பேன். அதை ஒரு கல்யாண வீட்டுக் கதை என்றே நினைத்திருந்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. பூசணி, வாழைத்தார், சேவல் என்று அவரவர் கொண்டுபோய் வைப்பதை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஆம்பூர் வீடுகளில் எது வைப்பதானாலும் ஷூ கம்பெனி அட்டைப்பெட்டிதான். தேங்காய்க்கும் அதே பெட்டி, புத்தகத்துக்கும் அதே பெட்டி. என் வீட்டுக்காரர் எதைத் தூக்கிக்கொண்டு போனார் என்று புரிந்திருக்குமே. தேங்காய்ப் பெட்டி வீட்டிலேயே இருந்தது. புத்தகப் பெட்டியை ஏலத்தில் எடுத்தவர் பியூலா டீச்சர். கணியம்பாடிப் பக்கம் பால்வாடி நடத்துகிறார், பண்டிகைக்காகத் தங்கச்சி வீட்டுக்கு வந்தவர்.

காணிக்கையாக வைத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. "கேட்டு என் மானத்த வாங்காத" என்றார் வீட்டுக்காரர். நானும் இரண்டு நாள் பொறுத்தேன். ஆனால் அபேனா போன் பக்கமே வரவில்லை. மூன்றரை மணி ஆனால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். மூன்றாம் நாள் மருமகன் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "மம்மி, பாப்பாவுக்கு என்மேல கோபமா?" என்று கேட்டார். கடல் தாண்டி இருக்கிற மனுஷன். அதற்குமேல் எனக்கு எந்த மானம்? டீச்சருக்குப் போன் போட்டேன். "வாங்கக்கா... வந்து பாருங்க" என்று இழுத்த மாதிரி சொன்னார்.

ஆம்பூரில் காலை ஒன்பதேகாலுக்கு பஸ். எனக்கு 45 ரூபாய், பாப்பாவுக்கு டிக்கெட் இல்லை. வேலூர் ஐம்பது கிலோமீட்டர். பத்தே முக்காலுக்கு இறங்கினோம். கண்டக்டர் வழியெல்லாம் அவளையே பார்த்துவிட்டு இறங்கும்போது கேட்டார்.

"பாப்பா எந்த ஊரும்மா?"

"ஆம்பூர்."

"அது இல்லம்மா, சொந்த ஊரு?"

"ஆம்பூர்தான்யா. நீ எந்த ஊரு?"

"ஆலங்காயம்."

"சொந்த ஊரு?"

பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். நல்ல மனுஷன்தான்.

ஒருவேளை புத்தகம் கிடைக்காவிட்டால் என்று வேலூர் லாங் பஜாரில் மூன்று கடை ஏறினோம். முதல் இரண்டில் தங்க முடி இளவரசிதான். மூன்றாவது கடைக்காரரிடம், கறுப்புப் பிள்ளைகள், அவங்க வீடு, அவங்க சனம் எல்லாம் இருக்கிற படப் புத்தகம் வேணும் என்று விவரமாகச் சொன்னேன். உள்ளே போய் ஒரு சிங்கப் புத்தகம் கொண்டுவந்தார். "ஆப்பிரிக்கான்னா இதாம்மா கீது." அபேனா அந்தச் சிங்கத்தை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், எனக்கே பாவமாகிவிட்டது, சிங்கத்தைச் சொல்கிறேன்.

கையில் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைப் பழைய பஸ் நிலையத்தில் சாப்பிட்டோம். அங்கிருந்து டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். கணியம்பாடிக்குப் பதினாலு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். பிறகு மூன்று கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ கிடைக்காமல் தனி ஆட்டோ, எண்பது ரூபாய். ஜாஸ்திதான், வெயிலுக்குப் பயந்து கொடுத்தேன். இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும்.

போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் அப்போதுதான் தூங்கி எழுந்து சுண்டலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் எங்களைப் பார்த்ததும் ஒரு வாண்டு கத்தியது: "டீச்சர்! வேன் அக்கா வந்துட்டாங்க!"

உள்ளே பார்த்தேன். நான்கு சுவரிலும், பிள்ளைகளின் கண் உயரத்துக்கு, தாள் தாளாகப் பிரித்துப் பசை போட்டு ஒட்டியிருந்தது எங்கள் வேன் புத்தகம். அத்தை மேல் 'அத்தை' என்று தமிழில் எழுதியிருந்தது. கோழி மேல் 'கோழி'. பால்வாடியில் படம் கிடைத்தால் வெட்டிச் சுவரில் ஒட்டுவதுதான் பாடம். டீச்சர் அவர் வேலையைத்தான் செய்திருக்கிறார்.

"போன்லயே சொல்லியிருக்கணும்க்கா, வாய் வரல" என்றார் பியூலா டீச்சர். "மத்த ஆறும் முழுசா கீது. இது ஒண்ணுலதான் படம் பெருசு பெருசா இருந்துச்சு." ஈரத்துணி எடுத்து ஒரு தாளின் மூலையை உரிக்கப் பார்த்தார். மூலை கிழிந்தது.

"கிழிக்காதீங்க" என்றாள் அபேனா. தெரியாதவர்களிடம் அவள் பேசிய முதல் தமிழ் அது.

அதற்குள் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஆம்பூரில் அவளைப் பார்ப்பவர்கள் யார் இது என்று பார்ப்பார்கள். இங்கே சுவரில் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. "உங்க வேன் எங்கக்கா?" "கோழி வரலையா?" என்றெல்லாம் கேட்டார்கள். "பஸ்ல வந்தோம்" என்று பதில் சொன்னாள், ரொம்பப் பொறுப்பாக.

மூன்றரை மணி. என் போன் அடித்தது. கட்டில் எதுவும் இல்லையே என்று நான் பார்க்க, அவளே வந்து வாங்கி, "டாடி, ரீட்" என்றாள்.

அவர் அங்கே முதல் பக்கம் வாசித்தார். இவள் சன்னல் பக்கம் ஓடினாள். அடுத்தது எதிர்ச் சுவர். அடுத்தது கதவுக்குப் பின்னால். டீச்சர் ஒட்டியது வரிசையாக இல்லை. அபேனா முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு ஓட, பத்துப் பன்னிரண்டு வாண்டுகள் பின்னால் ஓட, சுண்டல் கிண்ணம் உருண்டது. ஆனால் தாளுக்கு இரண்டு பக்கம் உண்டே, ஒரு பக்கம் பசைக்குள் போய்விட்டது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் நின்று, சுவரைத் தட்டி, "இங்க உள்ள இருக்கு" என்று தமிழில் கதையைச் சொன்னாள்.

கடைசித் தாளில் மேளக்காரத் தாத்தா மட்டும் தெரிந்தார். அபேனா மேளத்தின் மேல் கை வைத்துச் சொன்னாள்: "இதுக்குப் பின்னாடி பெரிய பாட்டி இருக்காங்க. ரொம்ப நாள் முன்னாடி அவங்க ஆளுங்கள கப்பல்ல புடிச்சினு போய்ட்டாங்க. பேரெல்லாம் மாத்திட்டாங்க. அதனால பாட்டி எல்லாரையும் வரச் சொல்லி, தலைல கை வச்சு பேர் சொல்வாங்க. மறக்கக் கூடாது."

அது கல்யாணக் கதை இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

பிறகு அவள் ஒவ்வொரு பிள்ளையாக நிற்கவைத்து, பேர் கேட்டு, தலையில் கை வைத்துச் சொன்னாள். சந்தோஷ். கீர்த்தனா. யாசின். போனில் மருமகன் ஒவ்வொரு பேரையும் திரும்பச் சொன்னார். பியூலா டீச்சரும் குனிந்தார். கடைசியில் என் முன்னால் வந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். கையை வைத்துவிட்டு யோசித்தாள்.

"ஆயா, உன் பேரு இன்னா?"

சொன்னேன். மகளுக்கு அம்மா, மருமகனுக்கு மம்மி, சபையில் இன்னார் வீட்டம்மா. என் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டு எத்தனை வருஷமோ.

"எஸ்தர் ராணி" என்றாள் அபேனா, என் தலையில் கை வைத்து. லண்டனிலிருந்தும் ஒரு குரல் "எஸ்தர் ராணி" என்றது.

ஆறு புத்தகம் கைக்கு வந்தது. ஏழாவதைச் சுவரிலேயே விட்டுவிட்டோம். இப்போது தினமும் அவள் வெறுங்கையோடு போன் முன்னால் உட்கார்ந்து, அப்பா இங்கிலீஷில் வாசிக்க வாசிக்க எனக்குத் தமிழில் சொல்கிறாள்.

இப்படிப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு: லாங் பஜாரில் அலையாதீர்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்குங்கள். பண்டிகைக்கு முன் அட்டைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆம்பூரிலிருந்து காலையில் கிளம்பினால் இருட்டும் முன் திரும்பிவிடலாம். ஆட்டோவுக்கு அறுபதுக்கு மேல் கொடுக்காதீர்கள். பால்வாடிக்குள் போக டீச்சரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். உள்ளே போனால், மேளத்துக்குப் பின்னாடி இன்னா இருக்கு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும்.