வாழைத்தோட்டத்தில் பிடித்த ஹாரன்

ஸ்ரீரங்கத்தில் அனுசுயாவின் ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசை கிடையாது. அந்த இடத்தில் பெரிய பலகை ஒன்று. அதன்மேல் தண்டவாளம், ஒரு பாலம், காவிரி என்று அவள் சொல்லிக்கொள்ளும் நீலப்பூச்சு. தில்லைநகர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. "மூச்சை அடக்குங்க, விடுங்க" என்று பகலெல்லாம் சொல்லிவிட்டு வந்து, கையளவு பொம்மை டீசல் இன்ஜினை அதில் ஓடவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

இன்ஜினுக்குள் ஒலி எழுப்பும் சிப் ஒன்று இருந்தது. நம்மூர் நிறம் பூசிய அந்த இன்ஜின், பனி பெய்யும் ஏதோ தேசத்தின் குரலில் கூவியது.

"வேற யாரோ உள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு ஷரபு" என்றாள், கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஷரபுன்னிசாவிடம். சிப்பில் வேறு ஒலியை ஏற்றலாம். ஆனால் நம்மூர் இன்ஜினின் ஒலியை முதலில் பதிவுசெய்து பிடிக்க வேண்டுமே.

ஷரபுன்னிசாவின் கணவர் இம்தியாஸ் சரக்கு ரயில் ஓட்டுபவர். அவரே போனில் வழி சொன்னார்.

"முக்கொம்பு ரோட்டுல ஒரு ரயில்வே கேட் இருக்குக்கா. அதுக்கு முன்னால ஹாரன் அடிச்சே ஆகணும். ஞாயித்துக்கிழமை காலைல டீசல் இன்ஜின் எடுத்துட்டு வரேன். வாழைத்தோட்டத்துப் பக்கம் நில்லுங்க. தண்டவாளத்துகிட்ட மட்டும் வராதீங்க."

முதல் முறை ஒரு பஸ் குறுக்கே கத்திக் கெடுத்தது. அடுத்த முறை காற்று. பிறகொரு ஞாயிறு, வாழையிலைகள் அசையாமல் நின்றன. ஆற்றுப்பக்கமிருந்து வந்த பனியில் ரயில்வே கேட் கூட மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஹாரன் நீண்டு வந்தது. சிக்னல் விழாததால் இன்ஜின் அங்கேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது. காலடி மண் மெல்ல அதிர்ந்தது. ரெக்கார்டரைப் பிடித்திருந்த அனுசுயா தன் மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

வீட்டில் அதைத் துண்டு துண்டாக வெட்டினாள்: நிற்கும் உறுமல், வேகமெடுப்பது, ஹாரன். உறுமலுக்குள் ஒரு குயில் இருந்தது. ஒலி சுற்றிச் சுற்றி வரும்போதெல்லாம் அதுவும் கூவியது. குயில் வாய்மூடிய இடமாகத் தேடி எடுத்தாள். சிறிய ஸ்பீக்கரில் எல்லாம் கொசு ரீங்காரம்போல் கேட்டது. அதன் முதுகுப்புறத்தைக் காற்றுப் போகாத சின்னப் பெட்டியாக அடைத்த பிறகுதான் குரலுக்குக் கனம் வந்தது.

கேட்பதற்குக் கணவன் மனைவி இருவரையும் அழைத்தாள். இன்ஜின் நீலப்பூச்சைக் கடந்தது, ஹாரன் எழுந்தது.

"இது இவங்கதான்" என்றாள் ஷரபுன்னிசா உடனே.

இம்தியாஸ் திரும்பிப் பார்த்தார். "எல்லா ஹாரனும் ஒண்ணுதானே. எப்படிச் சொல்ற?"

"கடைசில கொஞ்சம் இழுத்து விடுவீங்க. வேற யாரும் அப்படி விட மாட்டாங்க. வண்டி ஊருக்குள்ள திரும்பி வரும்போது பாலக்கரையில நம்ம வீட்டு சமையல்கட்டு வரைக்கும் கேக்கும். கேட்டதும்தான் உலை வைப்பேன்."

"இத்தனை வருஷமா இதை நீ சொல்லவே இல்லையே!"

"நீங்க கேட்டதில்லையே."

இன்ஜினுக்குள் இருப்பவருக்கு அது வெறும் இரைச்சல். தான் வீடு திரும்புவது வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

"இன்னொரு தடவை போடுங்கக்கா" என்றார்.

அனுசுயா ரிமோட்டை ஷரபுன்னிசாவிடம் கொடுத்தாள். அவள் பொத்தானை அழுத்தினாள். இம்தியாஸ் கண்களை மூடிக்கொண்டு, பலகையின் விளிம்பில் கையூன்றிக் கேட்டார்.