சூடான துண்டுக்கு அடியில்

நாற்காலியில் உட்கார்ந்தவரின் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி முடிச்சுப் போடுவார் சலூன்காரர். ஆள் இனி எழுந்து ஓட முடியாது என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறப்பார்: "நான் கிறிஸ்தவன்ங்க. அதுலயும் ஒரு தடவை, இல்லவே இல்லன்னு சாதிச்சவன். சரி, பக்கத்துல எவ்வளவு குறைக்கணும்?"

உலகத்திலேயே இவ்வளவு பெரிய தொண்டை படைத்த சலூன்காரர் வேறு கிடையாது. அவர் தும்மினால் இரண்டு தெரு தள்ளிப் போகும் பேருந்து நின்றுவிடும். சரி, சரி, பேருந்து இல்லை, ஒரு சைக்கிள். அதுவும் செயின் கழன்று நின்றது. ஆனாலும் தெருவே அவரை 'லவுட்ஸ்பீக்கர்' என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் பட்டம் கிடைத்த பெருமையோடு திரும்பிப் பார்க்கிறார்.

ஆள் குட்டை. உயரமானவர் வந்தால் நாற்காலியை இறக்கமாட்டார். தான் ஒரு மரப்பெட்டி மேல் ஏறிக்கொள்வார். கத்தரிக்கோலால் காற்றை நாலு வெட்டு வெட்டித் தாளம் பிடித்த பிறகே முடியைத் தொடுவார். அடுத்த நாற்காலி அவர் மனைவியுடையது. அவர் வாயால் வெட்டும் நேரத்தில் அந்த அம்மாள் கையால் மூன்று தலையை முடித்து அனுப்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர், முன்பெல்லாம் கடையில் மட்டும் அதைப்பற்றி மூச்சுவிட்டதில்லை. ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிற மனிதர். ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால்?

அந்த நாளும் வந்தது. வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து, செருப்புக்கடைக்காரர் முகத்தில் நுரை போட்டுக்கொண்டிருந்தார். ஜெபப் புத்தகமும் கையுமாகச் சிலர் வாசலைக் கடந்து போனார்கள்.

"பாரேன் அந்தக் கூட்டத்தை!" என்றார் செருப்புக்கடைக்காரர். "ஏய்யா, நீயும் அதுல ஒரு ஆளாமே?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் தலை தூக்கினார்கள்.

"நானா? சேச்சே! யேசுவுக்கும் எனக்கும் என்னய்யா சம்பந்தம்? அவரு யாருன்னே எனக்குத் தெரியாது!"

கடையே சிரித்தது. மனைவியின் கை மட்டும் நின்றுபோனது. அந்த அம்மாளின் நாற்காலியில், முகத்தில் சூடான துண்டு போர்த்தி ஒருவர் மல்லாந்திருந்தார். கணவர் வெளியே போயிருந்தபோது வந்தவர். அம்மாள் மெல்லத் துண்டை எடுத்தார். உள்ளே, சிவந்து, ஈரமாக, அவர்கள் சபையின் போதகர்!

"சூடு இதமா இருந்துச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போதகர் எழுந்து போனார். சலூன்காரருக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. போதகரை விடுங்கள், யாரைத் தெரியாது என்று சொன்னோமோ, அவர் முன்னால் இனி எந்த வாயால் பாடுவது?

ஞாயிற்றுக்கிழமை பல்வலி என்று படுத்துக்கொண்டார்.

"எந்தப் பல்லு?" என்றார் மனைவி.

அவர் தொட்டுக் காட்டிய இடத்தில் பல்லே இல்லை. என்றைக்கோ பிடுங்கியாகிவிட்டது.

மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போதகர் வந்தார். இவருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்துக் கழுத்தை நீட்டினார். முகம் வழுவழுவென்று பீங்கான் தட்டு மாதிரி இருந்தது.

"ஐயா, இதுல வழிக்க என்ன இருக்கு?"

"தேடிப் பாருங்க. கழுத்தையே குடுத்திருக்கேன்ல?"

கத்தியை எடுத்தார். அதைக் கீழே வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்தார். அதை வெறுமனே கிண்ணத்தில் சுழற்றினார். "மன்னிச்சிடுங்கய்யா..."

"என்னையா தெரியாதுன்னீங்க? அவரைத்தானே? அவர்கிட்ட கேளுங்க. நான் மூக்குக்கு மேல கோவம் வர்ற ஆளு. நானே கிளம்பி வந்துட்டேன். அவரு வராமலா இருப்பாரு?"

சலூன்காரர் நின்ற இடத்திலேயே கண்ணை மூடினார். ஆண்டவரே என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுதபடியே நுரையைக் குழைத்துக் குழைத்துப் போதகரின் தாடை, காது, மூக்குத் துவாரம் என்று பூசிக்கொண்டே போனார். போதகர் ஆமென் சொல்ல வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. நுரை பறந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. மனைவி சிரித்தார். போதகர் சிரித்தார். இவர் அழுதுகொண்டே சிரித்தார். நெஞ்சில் கிடந்த பாறாங்கல் எங்கே உருண்டு போனதென்றே தெரியவில்லை. பெட்டி மேல் ஏறி நின்று பாட ஆரம்பித்துவிட்டார்.

இதை அவர் இன்று ஒரு புது வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். துணிக்குள் அகப்பட்ட இளைஞன் கண் கொட்டாமல் கேட்டான்.

"பாடிட்டிருக்கும்போதே செருப்புக்கடைக்காரர் உள்ள வர்றாரு. விடுவேனா? 'அன்னிக்குச் சொன்னது பொய். நான் கிறிஸ்தவன்! யேசு என் ஆண்டவர்!'னு ஒரு கத்து கத்தினேன் பாருங்க! மனுஷன் வாயடைச்சு நின்னுட்டாரு."

பெஞ்சில் விரிந்திருந்த செய்தித்தாள் இறங்கியது. பின்னால் செருப்புக்கடைக்காரர்.

"வாயடைச்சது நான் இல்ல தம்பி, இவருதான். உதடு அசையுது, வெறும் காத்துதான் வருது." செய்தித்தாளை மடியில் போட்டுவிட்டு முன்னால் சாய்ந்து, உள்ளங்கையைக் காதோரம் குவித்துக் காட்டினார். "நான்தான் இப்படி வெச்சுக்கிட்டு, 'கேக்கலய்யா, சத்தமா சொல்லு'ன்னேன்."