கறுப்புத் திரைக்காகச் சண்டை பிடித்த நஸீர் சேர்

அந்தத் தேயிலைத் தோட்டம் நம்முடையது அல்ல என்று அன்று நான் சொல்லவில்லை. பாடசாலை மண்டபத்தில் நஸீர் சேருக்கான அஞ்சலிக் கூட்டம். ஸ்மார்ட் போர்டில் அவருடைய படங்கள் வந்தன. இடையிடையே இணையத்திலிருந்து எடுத்த மெழுகுவர்த்தி, ரோஜா, சூரிய அஸ்தமனம். கடைசியாக ஒரு தேயிலைத் தோட்டம், மேசை போலச் சமதரையில். எங்கள் மலைச்சரிவான ஹுன்னஸ்கிரியவில் அப்படியொரு தரையில் யாரும் கொழுந்து பறித்ததில்லை. "தொழில்நுட்பத்தை நேசித்த ஆசான்" என்றார் அதிபர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

செய்தி வந்தது ஒரு ஞாயிறு காலை. அம்பிட்டியவில் என் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், நஸீர் சேர் மௌத்தாகிட்டாரு. நெஞ்சு வலியாம்" என்று தொலைபேசியில் சொன்னார் சக ஆசிரியை ரிஸ்னா. நஸீர் சேருக்கு வயது நாற்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். நான் அவருடைய ஊரான அக்குறணைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துவிட்டார்கள். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "ஒங்களோட சண்டை புடிச்சதத்தான் வந்து வந்து சொல்லுவாரு" என்றார். உண்மைதான். அவரோடு வேலை செய்த எவருக்கும் அவர் லேசான மனிதர் அல்ல.

அவர் படிப்பித்தது வரலாறு, நான் தமிழ். மாணவர் வரலாற்றுக் குறும்படப் போட்டிக்காக இருவரும் சேர்ந்தோம். பிள்ளைகள் டெப் கணினியில் எடுத்த காட்சிகளோடு இணையப் படங்களையும் கலந்து கொண்டுவருவார்கள். அவர் அதை ஸ்மார்ட் போர்டில் போட்டு, காட்சிக்குக் காட்சி நிறுத்தி, "நம்மட இல்லாதது எல்லாத்துக்கும் வட்டம் போடுங்க" என்பார். பிள்ளைகள் விரலால் சிவப்பு வட்டம் போடுவார்கள். ஒரு நாள் பலகை முழுவதும் சிவந்துவிட்டது. படத்தைத் தொகுத்த பத்தாம் ஆண்டு மாணவியைத் திரும்பிப் பார்த்து, "மிச்சம் ஈக்கிறது தர்ஷினிட பேரு மட்டும்தான்" என்றார். வகுப்பே சிரித்தது. தர்ஷினி சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியவள் அவள்.

படம் அவளுடைய தாத்தாவைப் பற்றியது. இரு அரசுகளின் ஒப்பந்தப்படி தோட்டத்துக் குடும்பங்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், அவருடைய அக்கா கண்டி ரயில் நிலையத்தில் கோச்சி ஏறிப் போனார். பிறகு தகவலே இல்லை. "அக்கா ஜன்னல் வழியா கையக் காட்டுச்சு. நான் கூடவே ஓடுனேன். கோச்சி போயிருச்சு" என்று தாத்தா சொல்கிறார். அந்த இடத்துக்கு ஒரு புகைப்படமும் கிடைக்கவில்லை. தர்ஷினி எங்கிருந்தோ ஒரு பழைய கோச்சிப் படத்தை இறக்கிப் போட்டாள். நஸீர் சேர் எடுக்கச் சொன்னார். குரல் மட்டும் கேட்க, திரை கறுப்பாகவே இருக்க வேண்டுமாம்.

"ஒரு பொதுவான படந்தானே சேர்? பார்க்கிறவங்களுக்கு விளங்கும்" என்றேன்.

"டீச்சர், ஒங்கட கலியாண அல்பத்துல வேற பொண்ணுட ஃபோட்டோவ ஒட்டினா சும்மா ஈப்பீங்களா?"

"எனக்கு இன்னும் கலியாணமே ஆகலயே."

"அப்ப லேசு. யாரையும் ஒட்டலாம்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஈக்கிறதக் காட்டணும். இல்லாதத இல்லேண்டு காட்டணும்" என்றார். அதற்கு மேல் அவரோடு பேச முடியாது.

படம் தெரிவாகவில்லை. 'நடுவே காட்சி வரவில்லை, தொழில்நுட்பக் கோளாறு' என்று நடுவர்கள் குறிப்பு எழுதியிருந்தார்கள். தெரிவாகும் படங்களை மட்டும் போட்டி நடத்துபவர்கள் இணையத்தில் ஏற்றுவார்கள். பிள்ளைகளின் முகம் இருப்பதால் பாடசாலை தானாக ஏற்றக் கூடாது என்பது அதிபரின் உத்தரவு. தாத்தா காத்திருந்தது அந்த இணையத்துக்காகத்தான். "அங்கிட்டு அக்கா புள்ளைங்க யாராச்சும் பாப்பாங்களா டீச்சர்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். முடிவு வந்த அன்று ஆசிரியர் அறையில் நஸீர் சேரிடம் கத்தினேன். உங்களுடைய கொள்கைக்கு அந்தக் கிழவர் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். "அடுத்த முறையும் இதத்தான் அனுப்புவேன்" என்றார். இன்றும் எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை. பதில் சொல்ல அவர் இல்லை என்பதால் அது இன்னும் மோசமாகியிருக்கிறது.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போதே அதிபர் என்னிடம் வந்தார். "இந்த வருசமும் போட்டி வருது டீச்சர். அந்தக் கறுப்ப மட்டும் மூடிட்டு அனுப்புங்க. சேருக்கும் ஒரு மரியாதையா இருக்கும்."

தர்ஷினி கறுப்புத் திரையோடும் கோச்சிப் படத்தோடும் இரண்டு விதமாகவும் செய்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். தாத்தா மறுப்பார் என்று நான் நினைத்திருந்தேன். "கோச்சி இருக்கறதையே அனுப்பச் சொல்றாரு டீச்சர். 'அது எந்தக் கோச்சியா இருந்தா என்னா, அக்காவுக்கு சேதி போனாச் சரி'ங்கிறாரு" என்றாள். பிறகு, "சேர் இருந்தா என்னயக் கொன்னுருப்பாரு" என்று சொல்லி அழுதாள்.

கோச்சி உள்ள படத்தையே அனுப்பினோம். அந்தக் காட்சியில் திரையின் அடியில் 'இது அந்தக் கோச்சி அல்ல' என்று ஒரு வரி போட்டேன். நஸீர் சேரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: நம்முடையது அல்லாததைக் காட்ட நேர்ந்தால், அல்ல என்று எழுதிவிடுவது. இனி என் வகுப்பிலும் அப்படித்தான்.

படம் தெரிவானது. இணையத்தில் ஏற்றியபோது எல்லாப் படங்களிலும் திரையின் அடியில் போட்டியின் பெயர்ப்பட்டையைப் போட்டிருந்தார்கள். அந்த வரி அதற்குள் மறைந்துவிட்டது.