ஓரத்தில் பிடித்த பந்துகள்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெயிலில் கறுத்த முகம், தூங்காத கண்கள். இடது உள்ளங்கை வீங்கிச் சிவந்திருந்தது. அதை விரித்து விரித்து மூடிக்கொண்டே இருந்தாள்.

"கையில என்னம்மா?" என்று கேட்டேன்.

"பேஸ்பால் பிடிச்சதுல வீங்கிருச்சுக்கா" என்றாள். அவளுடைய அணி நம் நாட்டு லீக்கில் ஜெயித்ததாம். ஒவ்வொரு நாட்டு லீக் சாம்பியனும் மோதும் போட்டிக்காக வெளிநாடு போய்விட்டு, இரண்டு விமானமும் ஒரு ரயிலும் மாறி அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தாள்.

"ஜெயிச்சீகளா?"

"எல்லா மேட்ச்சும் தோத்துட்டோம். நான் ஒண்ணுலயும் எறங்கலை. பந்து எறியிற பிள்ளைக்கு மேட்ச்சுக்கு முன்னாடி கை சூடாகணும்ல. ஓரமா குத்தவச்சு அவ எறியிறதை நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன்."

"அப்ப நீ ஆடவே இல்லையா?" யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

விரித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆடலைக்கா. ஆனா மேட்ச்சுல அவ போட்டதையெல்லாம் எதிர் டீம்காரங்க அடிச்சுப்புட்டாங்க. அவளோட நல்ல பந்தெல்லாம் எங்கிட்டதான் வந்துச்சு. அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

அப்போது அவள் போன் அடித்தது. எடுத்ததுமே அவள் அப்பாவின் உரத்த குரல் எனக்கும் கேட்டது.

"ஆடுனியா தாயி?"

"ஆடுனேன்ப்பா."

போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். அவள் ஊர் வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள். அப்பாவிடம் அவள் சொன்னது பொய் என்று இன்றுவரை என்னால் நினைக்க முடியவில்லை.