கன்னேயும் சீனிப் பைக்கற்றுகளும்

ரோமர் எங்கெங்கே தோற்றார்கள் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பேன். திரேபியா ஆற்றங்கரை, திராசிமேன் ஏரி, கன்னே சமவெளி, கார்ரே பாலைநிலம், டியூட்டோபேர்க் காடு. கௌடியக் கணவாயில் ஒரு முழுப் படையின் ஆயுதங்களையும் பறித்து, ஈட்டிகளால் கட்டிய தாழ்ந்த வாசலுக்குள் குனிந்து போக வைத்தார்கள் என்பதும் தெரியும். இந்த அறிவால் எனக்கு ஐந்து சதத்துக்குப் பிரயோசனம் இருந்ததில்லை. ஒரு மனிதரின் உயிர் போனதுதான் கண்ட பலன்.

கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக்கட்டிடத்தின் வாசலில் செக்கியூரிட்டி வேலை பார்த்தேன். பகல் வேலை. வருகிறவர்களுக்குத் தலையாட்டுவதும் பார்சல்களை வாங்கி வைப்பதும்தான் தொழில். ஒருநாள் யாரோ வீடு மாறிப் போகும்போது குப்பை அறைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிப் புத்தகம் விட்டுப் போனார்கள். அதில் தடித்த ஒன்று ரோமரின் போர்களைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் வரைபடம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை மூன்று வருடம் படித்தேன். வெற்றிகளை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுத் தோல்விகளில்தான் நின்றேன். இவ்வளவு அடி வாங்கியவர்கள் பிறகு எழும்பி நின்றார்கள் என்பது, நாட்டை விட்டு ஓடிவந்து வாசலில் குந்தியிருந்த எனக்குப் பெரிய மருந்தாக இருந்தது.

கலியாணம் முடித்து டோர்செட் பார்க்குக்கு வந்த பிறகு, சனிக்கிழமை காலைகளில் பிளாசாவிலுள்ள கோப்பிக் கடையில் ஆறேழு பேர் கூடுவோம். அங்கே எனக்கு 'ரோமாபுரியார்' என்று பட்டப்பெயர். யார் எதைத் தொடங்கினாலும் நான் ரோமில் கொண்டுபோய் முடிப்பேனாம். ஊரில் கடைசிச் சண்டை நடந்த வருடம் அந்தப் பகிடியெல்லாம் நின்றுபோனது. கிழமைக்கு ஓர் ஊர் விழுந்துகொண்டிருந்தது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் போர் ஆய்வாளர்களாகிவிட்டோம். எங்களில் ஒருவர்கூட வாழ்க்கையில் துவக்கைத் தொட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் செத்த வீட்டில் இருப்பதுபோல இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சீனிப் பைக்கற்றுகளை அள்ளி வந்து மேசையில் பரப்பினேன். வெள்ளைச் சீனி ரோமர், மண்ணிறச் சீனி கார்த்தேஜ்காரர். கன்னேயில் கார்த்தேஜ் தளபதி தன் நடு வரிசையை மெல்ல மெல்லப் பின்வாங்க விட்டான். வென்றுவிட்டோம் என்று ரோமர் உள்ளே உள்ளே போனார்கள். பக்கங்களில் நின்றவர்கள் அசையவில்லை. ரோமர் நன்றாக உள்ளே வந்த பிறகு இரண்டு பக்கமும் மூடியது, பின்னால் குதிரைப்படையும் மூடியது. கைதூக்கி வாள் வீச இடமில்லாமல் நெரிந்து செத்தார்கள். நான் மண்ணிறப் பைக்கற்றுகளை வளைத்து மூடினேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் தன் போனை எடுத்து அதைப் படம் பிடித்தார்.

அடுத்த கிழமை முகம் தெரியாதவர்களும் வந்தார்கள். பொடியள், அதாவது எங்கள் போராளிகள், பின்வாங்குவதன் மர்மத்தை விளக்கச் சொன்னார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்கள், அந்த இலுப்பைப்பூ நான்தான். சொல்லச் சொல்ல எனக்கே என் பேச்சில் நம்பிக்கை ஏறியது. அதைவிட வெட்கமான உண்மை, அந்தக் கிழமைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன். பதினைந்து வருடம் வாசலில் குந்தியிருந்தவனிடம் ஆட்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள்.

அப்போது என் தங்கையும் அவள் கணவரும் ஆறு வயது மகளும் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாதக்கணக்காகத் தொடர்பில்லை. ஒருநாள் கோப்பிக் கடையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது போன் அடித்தது. தங்கையின் கணவர். எங்கேயோ ஒரு போனுக்கு முன்னால் வரிசையில் நின்று எடுக்கிறார். தங்கையையும் பிள்ளையையும் பதுங்குகுழியில் விட்டுவிட்டுத் தனியே வந்திருக்கிறார். ஆமிக்காரர் பக்கத்துக்குக் கடந்து போக ஒரு வழி இருக்கிறது, சனம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, வழியிலும் சாவு இருக்கிறது என்றார்.

"போறதோ, நிக்கிறதோ? நீங்கள் வெளியில இருந்து எல்லாத்தையும் பாக்கிறியள். சொல்லுங்கோ மச்சான்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை.

"பொறுங்கோ," என்றேன். "ஆமியை உள்ள விட்டுத்தான் அடிப்பாங்கள். இப்ப வெளிக்கிட்டா நடுவில மாட்டுப்படுவியள்."

அப்படியென்றால் நிற்கிறோம் என்றார். லைன் அறுந்துவிட்டது. நான் மனைவியிடம், நல்ல நேரத்தில் எடுத்தார் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட இருந்தேன்.

சில நாட்களில் அந்த வழி மூடுபட்டது. சனம் முழுவதும் கடலுக்கும் களப்புத் தண்ணீருக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய மணல் துண்டுக்குத் தள்ளப்பட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு தங்கையின் கணவர் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்து வெடித்தது. அவரை அவள் சரியாகப் புதைக்கவும் இல்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு முகாமுக்கு வந்து சேர்ந்தாள். முகாமிலிருந்து வந்த கடிதத்தில்தான் இதெல்லாம் தெரிந்தது. அதைப் படித்த அன்று கோப்பிக் கடைக்குப் போவதை நிறுத்தினேன். புத்தகத்தை எறியவும் இல்லை, திறக்கவும் இல்லை.

பதினாறு வருடம் போனது. இந்த வசந்தத்தில் என் மகளின் கலியாணத்துக்குத் தங்கை விசிற் விசாவில் வந்தாள். அவளுடைய மகளுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் தங்கை என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எல்லாம் தெரிந்துதான் மன்னித்துவிட்டாள் என்று நான் அப்போது நினைத்தேன். மடையன்.

வந்து இரண்டாம் கிழமை, அவள் குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். நான் ஹோலில் தேத்தண்ணியோடு இருந்தேன். மனைவி நல்லெண்ணத்தில்தான் கேட்டாள், உங்களிடமுள்ள அவருடைய சின்னப் படத்தைத் தாருங்கள், இங்கே பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுத் தருகிறோம், கொண்டுபோய்ச் சுவரில் மாட்டலாம் என்று. செத்தவருக்குப் படம் மாட்டி மாலை போட்டு விளக்கு வைக்காத வீடு எங்களுக்குள் இருக்கிறதா? தங்கை மாக் குழைப்பதை நிறுத்தவில்லை.

"வேண்டாம் அண்ணி. நான் ஊரிலயும் மாட்டேல்லை. போவம் போவம் எண்டு காலில விழாத குறையா மண்டாடினனான். உள்ள விட்டு அடிப்பாங்கள், பொறு எண்டு கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டு நிண்ட மனிசன். அவற்ற பிடிவாதம்தான் என்ர பிள்ளையைத் தேப்பனில்லாமல் ஆக்கினது. மகளுக்கும் அதைத்தான் சொல்லி வளத்தனான்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். என்னுடைய சொல், எழுத்துப் பிசகாமல், அந்த மனிதரின் கணக்கில் ஏறிக் கிடந்தது. அது என்னிடமிருந்து போனது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அவர் சொல்லவில்லை. இந்தப் பதினாறு வருடமும் அவருடைய உயிரை மட்டுமல்ல, அவருடைய வீட்டுச் சுவரையும் நான் எடுத்து வைத்திருந்திருக்கிறேன். அவளுக்குச் சொல்லாவிட்டால் அந்தப் படம் ஒருநாளும் மாட்டுப்படாது. சொன்னால் எனக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே கூடப்பிறந்தவள் போய்விடுவாள்.

அன்று பின்னேரம் பதினாறு வருடத்துக்குப் பிறகு புத்தகத்தை எடுத்தேன். டியூட்டோபேர்க் காட்டில்தான் திறந்தது. மூன்று ரோமப் படையணிகள் காட்டுக்குள் அழிந்த செய்தி வந்தபோது ரோமப் பேரரசர் கதவில் தலையை மோதிக்கொண்டு, இறந்துபோன தளபதியின் பெயரைச் சொல்லி, என் படைகளைத் திருப்பித் தா என்று கத்தினாராம். முன்பு படிக்கும்போது அந்தக் கிழவருக்காக மனம் உருகியவன் நான். இப்போது ஆத்திரம் வந்தது. அந்தத் தளபதியைத் தேடிப் பிடித்து அங்கே அனுப்பியவர் யார்? செத்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டுக் கதவில் தலையை மோதுவது எவ்வளவு சுகமான காரியம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லத் தொடங்கி விழுங்கினேன். பஸ் தரிப்பில் சொல்லலாம் என்று போவேன், அவள் இன்னும் உருகாமல் கிடக்கும் பனியைக் கண்டு சிரிப்பாள், சொல்ல மனம் வராது. கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது சொல்லலாம் என்றால் ஐயர் வந்துவிடுவார். கலியாணம் முடியட்டும் என்று ஒரு சாட்டு, கலியாணக் களை போகட்டும் என்று இன்னொரு சாட்டு. இரவில் நித்திரையில்லை, பகலில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்னை டொக்டரிடம் போகச் சொன்னாள். பிரஷர் கூடியிருக்கிறது என்று அவர் குளிசை தந்தார்.

அவள் திரும்பிப் போக ஒரு கிழமை இருக்கும்போது ஸ்காபரோ பிளவ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வருகிறவர்களை எல்லோரும் கூட்டிக்கொண்டு போகிற இடம். கீழே, தண்ணீருக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, இறங்கு என்றேன். அவள் இறங்கவில்லை. ஒரு பக்கம் செங்குத்தாக மண்மலை, மறுபக்கம் கரை தெரியாத ஏரி, இடையில் ஓர் ஒடுங்கிய துண்டு நிலம். ஏரியிலிருந்து பனிப்புகார் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணை, திரும்புவம்," என்றாள். "இதுக்குள்ள நிக்க எனக்கு ஏலாது."

காரைத் திருப்பும்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. திராசிமேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி, விடியற்காலைப் புகார், ஒடுங்கிய கரையில் அடைபட்ட ரோமர். ஓட இடமில்லாமல் கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கி நின்றவர்களையும் விடவில்லை. புத்தகத்தில் அது கன்னேக்குச் சில பக்கம் முன்னால்தான் இருக்கிறது. அதையும் நான் படித்துத்தான் இருந்தேன். கன்னேயில் பின்வாங்கியவர்களுக்குப் பின்னால் வெட்டவெளி இருந்தது, எங்கள் சனத்துக்குப் பின்னால் கடல் இருந்தது. நாட்டு வரைபடத்தைப் பார்த்த எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லியிருக்கும். நான் வேண்டுமென்றே அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய் எனக்குப் பிடித்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அவள் போவதற்கு முதல்நாள் காலை. கட்டிலில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. சொக்லேற் பெட்டிகளை உடுப்புகளுக்குள் சொருகிக்கொண்டிருந்தாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"உள்ள விட்டு அடிப்பாங்கள் எண்டது அவற்ற சொல்லில்லை," என்றேன். "அது என்ர சொல். அவர் போன் எடுத்துக் கேட்டவர். நான்தான் நிக்கச் சொன்னனான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பிக் கடை, சீனிப் பைக்கற்றுகள், ரோமர், எல்லாவற்றையும். சொல்லும்போதே அது எவ்வளவு சில்லறைத்தனமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. ஒரு குடும்பத்தின் தலைவிதியைச் சீனிப் பைக்கற்றை வைத்துத் தீர்த்திருக்கிறேன். அவள் கையில் ஒரு சொக்லேற் பெட்டியோடு அப்படியே நின்றாள்.

"அண்டைக்கு அவர் திரும்பி வந்தோடன கேட்டனான்," என்றாள் கடைசியில். "அண்ணையோட கதைச்சனீங்களோ எண்டு. லைன் கிடைக்கேல்லை எண்டு சொன்னவர்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு உடனே விளங்கியது. அந்த முடிவு பிழையாகப் போனால் அவள் அண்ணனை ஏசக்கூடாது. அந்த நெருப்புக்குள் நின்றும் அதை யோசித்திருக்கிறார். நான் டோர்செட் பார்க்கில் சூடாகச் சோறு சாப்பிட்டுக்கொண்டு எதையுமே யோசிக்கவில்லை.

"பதினாறு வருசமா நான் அந்தாளை ஏசிக்கொண்டிருக்கிறன் அண்ணை," என்றாள். குரல் உயரவில்லை. "செத்த மனிசனைக் குந்த வைச்சுப் பேசினனான். பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்தனான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. சொக்லேற் பெட்டியைக் கட்டிலில் வைத்தாள். கைப்பையைத் துழாவி ஒரு சின்னப் பேர்ஸை எடுத்தாள். அதற்குள், அடையாள அட்டைக்குப் பின்னால், அந்தப் படம் இருந்தது. ஓரம் தண்ணீர் பட்டு வெளிறியிருந்தது. அதைக் கன நேரம் பார்த்தாள். பிறகு சூட்கேஸின் மூடியில் சாய்த்து நிமிர்த்தி வைத்தாள்.

அதற்குப் பிறகு போனை எடுத்தாள். ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். இரண்டு தரம் அடித்ததும் மகள் எடுத்தாள். ஸ்பீக்கரில் தட்டுகள் சத்தம் கேட்டது. தங்கை மகளிடம் நலம் விசாரிக்கவில்லை, விமான நேரம் சொல்லவில்லை.

"அப்பாவைப் பற்றி மாமா உனக்கு ஒண்டு சொல்லோணுமாம்," என்றாள்.

போனை என் கையில் தந்தாள். பார்வை படத்தில்தான் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நான் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். அவளும் தகப்பனைப் போலவே கேட்பாள் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

"சொல்லுங்கோ மாமா," என்றாள்.