பேச்சிராஜாவின் "ஸ்டாக் இல்லை"

பேச்சிராஜா பத்தொன்பது வருஷமாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார். மும்பையில் செம்பூர் பக்கம் ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி. அதன் அடித்தளத்தில் மருந்து கவுண்டர். கண்ணாடிக்குப் பின்னால் அவர். வார்டிலிருந்து வரும் சீட்டில் தப்பு ஏதும் கண்ணில் பட்டால் சத்தம் போடமாட்டார். எழுதியவரை இண்டர்காமில் கூப்பிட்டு, "ஸ்டாக் நஹி ஹை சாப்", அதாவது ஸ்டாக் இல்லை, என்பார். ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள் என்பார். மருந்தோ அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய இருக்கும். எழுதியவர் சீட்டை மறுபடி பார்ப்பார், நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவார். நோயாளிக்கும் ஆபத்தில்லை, எழுதியவருக்கும் தலைகுனிவில்லை. பெரிய டாக்டரிலிருந்து நேற்று வந்த இண்டர்ன் வரைக்கும் இந்தப் பொய் எல்லாருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட மனுஷன் பெற்ற மகளிடம் என்ன செய்தார் தெரியுமா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

மகள் கலைச்செல்வி ஃபார்ம்-டி படித்தாள். மருந்துகளைப் பற்றிய ஆறு வருஷ டாக்டர் பட்டப் படிப்பு, கடைசி வருஷம் ஆஸ்பத்திரியில் இண்டர்ன்ஷிப். அப்பா படித்தது இரண்டு வருஷ டிப்ளமா. காலேஜ்காரர்கள் அவளுக்கு இதே ஆஸ்பத்திரியை ஒதுக்கியபோது, தாராவியில் தங்கள் சந்து முழுக்க லட்டு கொடுத்தவர் பேச்சிராஜாதான். தினமும் காலையில் இருவரும் தொண்ணூறடி ரோட்டில் ஒரே பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் ஒன்றாக. அங்கிருந்து அவள் லிஃப்டில் மேலே போவாள், அவர் படியிறங்கிக் கீழே போவார்.

முதல் வாரம் பெருமையாக இருந்தது. இரண்டாவது வாரம் நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்தது. மூன்றாவது வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

பின்னே? மேலே அவள் டாக்டர்களோடு ரவுண்ட் போகிறாள். எந்த மருந்து எதோடு சேராது என்று அவள் சொல்ல, பெரிய டாக்டர் தலையாட்டுகிறாராம். அதே விஷயம் பேச்சிராஜாவுக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும், ஒருத்தர் கேட்டதுண்டா? அவளை நோயாளிகள் "டாக்டர்" என்றார்கள். அவரை, கண்ணாடியைத் தட்டி, "ஓ பாய், ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினார்கள். அவளுடைய வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் கலைச்செல்வி பேச்சிராஜா என்று இருந்தது. ஆக, அவர் பெயர் மட்டும் தினமும் ரவுண்ட் போய் வந்தது. அவர் ஒருநாளும் போனதில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. எப்போதும் அவர் தட்டில் விழும் மீன் தலையை மனைவி பார்வதி ஒருநாள் மகள் தட்டில் வைத்தாள்.

"புள்ள நாள் முச்சூடும் நின்னுட்டு வந்திருக்கா" என்றாள்.

"நான் மட்டும் அங்கன படுத்தா கெடக்கேன்?" என்று கேட்டார் பேச்சிராஜா. சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் வயிறு எரிந்தது. அது பொறாமை என்று ஒத்துக்கொள்ளத் தைரியம் இல்லாமல், அசிடிட்டி என்று சொல்லி ஒரு மாத்திரையை முழுங்கிவைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஐசியு பேச்சு கிளம்பியது. அங்கே ஒரே ஒரு இண்டர்னை எடுப்பார்கள். எடுபட்டவருக்குப் பிற்பாடு அங்கேயே வேலையும் அமைந்துவிடும். கலைச்செல்வியா, அவளுடைய தோழி மாட்டுங்கா மானசாவா என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

"யப்பா, ஸ்மிதா மேடம் என் பேரத்தான் சொல்லுவாவ. பக்கா!" என்றாள் கலைச்செல்வி பஸ்ஸில். ஸ்மிதா மேடம்தான் இண்டர்ன்களுக்குப் பொறுப்பு.

"சொல்லட்டும், சொல்லட்டும்" என்றார் அவர், வெளியே பார்த்தபடி.

ஒரு வியாழக்கிழமை. சைனப் என்ற அம்மாளின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவந்து அவள் மகன் நீட்டினான். அந்த அம்மாளுக்கு மூட்டுவாதம். அதற்குக் கொடுத்திருந்தது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடவேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே உலை வைத்துவிடும். சீட்டில் தினமும் ஒன்று என்று இருந்தது. டாக்டர் சொன்னதைச் சீட்டில் எடுத்து எழுதியவள் கலைச்செல்வி.

பேச்சிராஜாவின் கை தன்னால் இண்டர்காமுக்குப் போனது. எண்ணை அழுத்துவதற்குள் நின்றுவிட்டது.

நோயாளிக்கு அவர் துரோகம் செய்யவில்லை, அதையும் சொல்லவேண்டும். வார்டு டாக்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, சீட்டைத் திருத்த வைத்து, சைனபின் மகனுக்கு மூன்று தரம் விளக்கித்தான் அனுப்பினார். மகளுக்கு மட்டும் போன் போடவில்லை. டிராயரின் அடியில் தூசி பிடித்துக் கிடந்த பிழை அறிக்கைத் தாள் கட்டை எடுத்தார். பத்தொன்பது வருஷத்தில் அதில் ஒரு தாளைக்கூட அவர் கிழித்ததில்லை. இப்போது கிழித்தார், முத்து முத்தான எழுத்தில் நிரப்பி, மேலதிகாரிகள் திறக்கும் பெட்டியில் போட்டார். அப்பாடா என்று இருந்தது. பாவி மனுஷன், டீ கூட வரவழைத்துக் குடித்தார்.

சனிக்கிழமை மீட்டிங்கில் ஸ்மிதா மேடம் அந்த அறிக்கையை வாசித்தார். சீட்டை எழுதியது யார் என்று அவர் கேட்பதற்கு முன்பே கலைச்செல்வி எழுந்துவிட்டாள்.

"மேம், அது நான்தான்."

ஐசியு மானசாவுக்குப் போனது. கலைச்செல்விக்கு இரண்டு மாதம் ரவுண்ட் கிடையாது. கீழே மருந்து கவுண்டரில் உட்கார்ந்து சீட்டைக் கவனமாகப் பார்க்கப் பழகவேண்டும் என்றார் ஸ்மிதா மேடம். பின்வரிசையில் நின்றிருந்த பேச்சிராஜாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அவர் சோறு தின்ற இடம் மகளுக்குத் தண்டனையாகிவிட்டது.

திரும்பும்போது பஸ் சயான் தாண்டியது. கலைச்செல்வி அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"தப்பு என்னுதுதான் யப்பா. அந்தம்மா பொழச்சதே உங்களாலதான். ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஊருக்கெல்லாம் ஸ்டாக் இல்லம்பீங்களே, எனக்கு மட்டும் எப்படி ஸ்டாக் இருந்துச்சு?"

"ரூல்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார் பேச்சிராஜா. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். வேலையில் குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் ஆங், ஊங் என்பதோடு சரி. அவர் கொண்டுவந்து வைத்த டீ ஆடை படிந்து ஆறிப்போகும்.

மூன்றாவது வாரம் ஐசியுவிலிருந்து ஒரு சீட்டு வந்தது. இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை எழுதியிருந்தது. பெயர்தான் வேறு வேறு. உள்ளே இருப்பது ஒரே மருந்து. எழுதியவள் மானசா.

இருவரும் ஒரே நேரத்தில்தான் பார்த்தார்கள். பேச்சிராஜா அவசர அவசரமாக டிராயரைத் திறந்து, அந்த அறிக்கைக் கட்டை எடுத்து மகள் முன்னால் வைத்தார்.

"எழுதும்மா. ஒனக்கு வரவேண்டிய ஐசியு எடம் ஒனக்கே திரும்ப வந்துரும். எழுது!"

கலைச்செல்வி கட்டைப் பார்த்தாள். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இண்டர்காமை எடுத்தாள்.

"மானசா, கலை பேசுறேன். நீ அனுப்பினதுல ரெண்டாவது மாத்திர ஸ்டாக் இல்லடி. ஒருவாட்டி பாத்துச் சொல்றியா?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் மானசாவின் குரல் வெளியே கேட்கிற அளவுக்கு வந்தது. "ஐயையோ! ரெண்டும் ஒரே மருந்தாச்சே! தேங்க்ஸ்டி கலை. இப்பவே மாத்தி அனுப்பறேன்."

அவள் போனை வைத்தாள். அந்த இரண்டாவது மாத்திரை அவள் தலைக்கு மேல் அலமாரியில் இரண்டு டப்பா நிறைய இருந்தது.

பேச்சிராஜா அறிக்கைக் கட்டை எடுத்து மறுபடி டிராயருக்குள் போட்டார். "ரூலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "பொறாமைம்மா. பெத்த புள்ள மேல பொறாமை."

"தெரியும்" என்றாள் கலைச்செல்வி. "வெளிய ஆளு நிக்காங்க யப்பா. சீட்ட வாங்குங்க."